விளையாட்டு, சமூக ஊடகம், மாணவர் மனநலம்: மணிக்கணக்கு சொல்லாதவை

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். முதுநிலை ஆய்வேட்டுக்காக, பல்கலைக்கழக மாணவர்கள் வாரத்தில் எவ்வளவு நேரம் விளையாடுகிறார்கள், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் சமூக ஊடகங்களில் செலவிடுகிறார்கள், அவர்களுடைய மனநலம் எந்நிலையில் இருக்கிறது ஆகிய மூன்றையும் ஒரே வினாத்தாளில் கேட்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். விளையாடுகிறவர்கள் நலமாக இருப்பார்கள், கைபேசியில் மூழ்கியவர்கள் சோர்ந்திருப்பார்கள் என்பது உங்கள் எதிர்பார்ப்பு. அது சரிதானா, கிடைக்கும் தொடர்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதிர்பார்ப்பின் திசை சரி. ஆனால் மணிக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அந்தத் தொடர்பைத் தேடினால் கைக்குக் கிடைப்பது மிகச் சிறிய எண்ணாக இருக்கும். அதன் பொருளும் தெளிவாக இராது. மாணவர் நலம் குறித்த ஆய்வுகளைத் தொடர்ந்து படித்துவருகிறவன் என்ற முறையில் எனக்கு உறுதிப்பட்டிருப்பது இதுதான்: ஒரு மாணவர் யாருடன் சேர்ந்து விளையாடுகிறார் என்பதும், அவருடைய கைபேசி எதற்குரிய நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பதும் நிமிடங்களின் கூட்டுத்தொகையைவிட அதிகம் சொல்லும். உங்கள் வினாத்தாள் இந்த இரண்டையும் கேட்கும்படி அமைந்தால் ஆய்வு பயனுள்ளதாகும்.

விளையாட்டின் பக்கம் சான்றுகள் வலுவானவை. 2018-இல் ஆடம் செக்ரவுட் தலைமையிலான குழு, அமெரிக்காவில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்து லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியிட்டது. உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு, வயது, வருமானம், கல்வி போன்றவற்றில் தங்களை ஒத்த பிறரைவிட, மாதத்தில் மனம் சரியில்லாத நாட்கள் 43 விழுக்காடு குறைவாக இருந்ததாகக் கூறினார்கள். எல்லா வகைப் பயிற்சியிலும் இந்த வேறுபாடு தெரிந்தது என்றாலும், குழு விளையாட்டுகளில்தான் அது மிகுதியாக இருந்தது. ஒரு முறைக்கு ஏறத்தாழ 45 நிமிடம், வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து முறை என்ற அளவில் பயன் உச்சத்தைத் தொட்டது. அதற்கு மேல் கூட்டிக்கொண்டே போனால் நலமும் கூடிக்கொண்டே போகும் என்று தரவுகள் காட்டவில்லை. மிக அதிக நேரம், மிக அடிக்கடி பயிற்சி செய்தவர்களிடம் பயன் குறைந்திருந்தது. எனவே விளையாடும் நேரம் ஏற ஏற நலமும் நேர்கோட்டில் ஏறும் என்று நீங்கள் முன்கூட்டியே கருதிக்கொள்ளக் கூடாது.

அது ஒரே காலக்கட்டத்தில் எடுத்த தகவல் என்பதால் காரணத்தை நிறுவாது என்று நீங்கள் சொல்லலாம், சரியான எதிர்ப்புத்தான். அதற்குப் பதில் பரிசோதனை ஆய்வுகளில் இருக்கிறது. 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மனச்சோர்வு உள்ளவர்களிடம் நடத்தப்பட்ட 218 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. நடை, மெல்லோட்டம், யோகா, தசை வலுப் பயிற்சி ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தன. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகள் என்பதால், இங்கே உடலியக்கம்தான் மாற்றத்தை உண்டாக்கியது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தையோ 75 முதல் 150 நிமிடக் கடுமையான இயக்கத்தையோ பரிந்துரைக்கிறது. அத்துடன் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. உங்கள் மாணவர்களை வகைப்படுத்த இது நல்ல எல்லைக்கோடு. ஆனால் இதே 150 நிமிடத்தைத் தனியாக ஓடுபொறியில் கழிப்பவரும், ஐந்து பேருடன் பந்தாடுபவரும் உங்கள் அட்டவணையில் ஒரே கட்டத்தில் போய் விழுவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மாலை ஆறு மணிக்கு நடக்கும் ஓர் இரட்டையர் இறகுப்பந்து ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். நான்கு பேர் வேண்டும். ஒருவர் வராவிட்டால் மற்ற மூவரின் மாலையும் கெடும். ஆகவே ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு வராதவரின் கைபேசி ஒலிக்கும். "எங்கே இருக்கே, வலை கட்டியாச்சு" என்று யாரோ கேட்பார்கள். அன்று பகலெல்லாம் படுக்கையை விட்டு எழாத ஒருவரும் அந்த அழைப்புக்காக எழுந்து போவார். ஆட்டம் தொடங்கியதும் கைபேசிகள் பைக்குள் போய்விடும். கையில் மட்டையும் எதிரே பந்தும் இருக்கையில் வேறெதையும் பார்க்க வழியில்லை. தவறான அடிக்குத் திட்டும் விழும், நல்ல அடிக்குப் பாராட்டும் கிடைக்கும். முடிந்ததும் நால்வரும் சுவரோரம் உட்கார்ந்து வியர்வை உலரும்வரை பேசுவார்கள். இதில் உடற்பயிற்சி என்று எண்ணத்தக்கது நாற்பது நிமிடம்தான். ஆனால் தன்னை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்ற உணர்வும், கையில் ஒரு திறமை வளர்கிறது என்ற உணர்வும், இதை நானாகவே தேர்ந்தேன் என்ற உணர்வும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்தே கிடைக்கின்றன. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் தங்கள் தன்னுறுதிக் கோட்பாட்டில் மனிதருக்கு அடிப்படையானவை என்று கூறும் உளத்தேவைகள் மூன்றும் இவையே. மாணவர் வாழ்க்கையில் இம்மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் வாய்ப்பு அரிது. வகுப்பறையில்கூட எப்போதும் கிடைப்பதில்லை.

இதனால்தான் பல்கலைக்கழகங்கள் விளையாட்டை நடத்தும் விதம் குறித்து எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. மைதானம், பயிற்றுநர், கருவிகள், நேரம் எல்லாமே அணிக்குத் தேர்வானவர்களைச் சுற்றியே அமைகின்றன. பள்ளியில் கட்டாய வேளையாகவாவது ஓடியாடியவர், பல்கலைக்கழகத்தில் அணித் தேர்வில் பெயர் வராத அன்றோடு விளையாட்டை விட்டுவிடுகிறார். தேர்வுக்கே போகாதவர்களின் எண்ணிக்கை அதைவிடப் பெரிது. "நமக்கு விளையாட வராது" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும் இந்தப் பெரும்பான்மைக்குத்தான் விளையாட்டின் மனநலப் பயன் மிகுதியாகத் தேவைப்படுகிறது. மாணவியர் நிலை இன்னும் கடினம்: மைதானம் காலியாகும் நேரம் பெரும்பாலும் இருட்டும் நேரம், உடைமாற்றும் இடமும் கழிப்பறையும் இல்லாத மைதானத்துக்கு மாதவிடாய் நாட்களில் எவர் வருவார்? உடலைப் பற்றி விமர்சனம் வரும் என்ற அச்சம் வேறு. இவற்றைக் கேட்காமல் "நேரமின்மை" என்ற ஒரே விடையை மட்டும் கட்டத்தில் வைத்தால் எல்லோரும் அதையே குறித்துவிட்டுப் போவார்கள். புதியவர்களுக்கென்று வாரத்தில் இரண்டு மணி நேரம் ஆடுகளத்தை ஒதுக்குவது, மட்டையும் பந்தும் இரவலாகத் தருவது, தோற்றாலும் வெளியேற்றாத வகுப்புகளுக்கிடையிலான போட்டிகளை நடத்துவது ஆகியவை பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை. உங்கள் ஆய்வேட்டின் பரிந்துரைப் பகுதியில் இவற்றுக்கு இடம் கொடுங்கள்.

விளையாட்டே துன்பமாகும் நிலையும் உண்டு. அணியில் இருப்பதையே தன் அடையாளமாகக் கொண்ட மாணவருக்கு முழங்காலில் காயம் பட்டால், உடலோடு நட்பு வட்டமும் அன்றாட ஒழுங்கும் ஒரே நாளில் கைவிட்டுப் போகின்றன. பயிற்றுநரின் வசைக்கும் தேர்வு அழுத்தத்துக்கும் இடையே இருக்கும் போட்டி வீரர்களை, பொழுதுபோக்காக ஆடுபவர்களோடு ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள்.

இனிச் சமூக ஊடகம். இங்கே சான்றுகள் சிக்கலானவை. அவை காட்டும் பாதிப்பு பொதுவெளியில் பேசப்படுவதைவிடச் சிறியதும்கூட. ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் 2019-இல் மூன்று பெரிய தரவுத் தொகுப்புகளில் இருந்த மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் விடைகளை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய நலத்தில் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சமாக 0.4 விழுக்காட்டை மட்டுமே மின்னணுத் தொழில்நுட்பப் பயன்பாடு விளக்குகிறது என்று கண்டார்கள். அவர்கள் பல்கலைக்கழக மாணவர்களைவிட இளையவர்கள் என்றாலும், மணிக்கணக்கையும் நலத்தையும் நேரடியாகப் பொருத்தினால் என்ன வரும் என்பதற்கு இது நல்ல எச்சரிக்கை.

அப்படியானால் தீங்கே இல்லை என்று முடிவு கட்டலாமா? கூடாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெலிசா ஹன்ட் குழுவினர் 2018-இல் வெளியிட்ட சோதனையில் 143 மாணவர்கள் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஆகிய ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடத்துக்குள் நிறுத்திக்கொண்டனர்; மற்றவர்கள் வழக்கம்போல் பயன்படுத்தினர். மூன்று வாரத்தில் முதல் பிரிவினரிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. இந்த ஆய்வில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: பதற்றமும், பிறர் மகிழ்ந்திருக்கத் தாம் மட்டும் விடுபட்டுப்போகிறோமோ என்ற அச்சமும் இரு பிரிவினரிடமும் குறைந்தன. பயன்பாட்டைத் தாமே கண்காணிக்கத் தொடங்கியதே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

2020-இல் வெளியான ஆல்காட் குழுவினரின் ஆய்வு, அமெரிக்காவில் ஃபேஸ்புக் கணக்கை நான்கு வாரம் முடக்கிவைக்க ஒப்புக்கொண்டவர்களைப் பின்தொடர்ந்தது. அவர்களுக்கு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சமானது. நலம் சிறிதளவு உயர்ந்தது. மிச்சமான நேரத்தின் ஒரு பகுதி நண்பர்களுடனும் குடும்பத்தினருடனும் கழிந்தது. இன்னொரு பகுதி தனியாகத் தொலைக்காட்சி பார்ப்பதில் போனது. உங்கள் தலைப்புக்கு இது மிக நெருக்கமான செய்தி. கைபேசியைப் பிடுங்கினால் மாணவர் தானாக மைதானத்துக்குப் போய்விடுவார் என்று பலர் நம்புகிறார்கள். போவதற்கு ஒரு களமும், எதிர்பார்த்திருக்க நான்கு பேரும் இல்லையென்றால் அந்த நேரம் வேறொரு திரைக்குத்தான் போகும்.

மாணவர்களை நேரடியாகக் குறித்த ஆய்வு என்று ஒன்றே ஒன்றைப் படிக்க நேரமிருந்தால், பிராகியேரி, லெவி, மகாரின் மூவரும் 2022-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் எழுதியதைப் படியுங்கள். ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் ஹார்வர்டில் தொடங்கி, முதலில் கல்லூரி கல்லூரியாகத்தான் பரவியது; பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 2006 செப்டம்பரில். ஒரு கல்லூரிக்கு முன்னதாகவும் இன்னொன்றுக்குப் பின்னதாகவும் வந்ததால், அது வருவதற்கு முன்பும் பின்பும் மாணவர்களின் மனநலம் எப்படி இருந்தது என்று ஒப்பிட முடிந்தது. வந்த பின் மனநலம் தாழ்ந்தது. மனநலக் குறையால் படிப்பு பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்களும் கூடினார்கள். தங்களைப் பிறரோடு ஒப்பிட்டுத் தாழ்வாக எண்ணுவதே முதன்மையான வழி என்று ஆசிரியர்கள் வாதிடுகிறார்கள். வளாகத்துக்கு வெளியே தங்கியிருந்தவர்கள் போன்று, பிறரோடு ஒப்பிட்டுத் தங்களைத் தாழ்வாக எண்ணும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களிடம் பாதிப்பு மிகுதியாக இருந்தது.

இந்த ஒப்பீடு விளையாட்டுக்குள்ளேயும் நுழைந்துவிட்டது என்பதை மறக்க வேண்டாம். மரிகா டிகெமனும் மியா சக்காடோவும் 2015-இல் வெளியிட்ட சோதனையில், உடற்பயிற்சியை ஊக்குவிக்கும் இன்ஸ்டாகிராம் படங்களைப் பார்த்த மாணவியரிடம், பயணப் படங்களைப் பார்த்தவர்களைவிட, உடலைப் பற்றிய அதிருப்தி கூடியிருந்தது. உடலைச் சீராக்க வேண்டும் என்ற உந்துதலும் கூடவே எழுந்தது. உந்துதல் வருகிறது, அதன் விலையாகத் தன்னுடல் மேல் வெறுப்பும் வருகிறது. ஆண் மாணவர்களும் இதற்கு விலக்கில்லை. தசை திரண்ட உடல்களை நாளெல்லாம் பார்க்கும் ஒருவர் பயிற்சிக் கூடத்துக்குச் சென்றாலும் மகிழ்ச்சிக்காகச் செல்கிறாரா, அச்சத்தால் செல்கிறாரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அதே சமயம், "நாளைக் காலை ஆறு மணி, வராதவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒரு வரிதான் பல அணிகளை உயிரோடு வைத்திருக்கிறது. அந்த வரியைப் படித்த நிமிடத்தையும் முன்பின் அறியாதவர்களின் உடல்களைப் பார்த்த நிமிடத்தையும் ஒரே கணக்கில் கூட்டினால் கிடைக்கும் எண்ணுக்கு என்ன பொருள் இருக்க முடியும்?

விளையாட்டையும் சமூக ஊடகத்தையும் இணைக்கும் கண்ணி தூக்கம் என்பது என் உறுதியான கருத்து. இரவு பதினொரு மணிக்கு ஒரு மாணவி, மறுநாள் ஆய்வகக் குறிப்பேட்டை ஒப்படைக்க வேண்டுமா என்று வகுப்புக் குழுவில் கேட்பதற்காகக் கைபேசியை எடுக்கிறாள். விடை வருவதற்குள் மேலே ஓர் அறிவிப்பு. பழைய தோழி ஒருத்தி சுற்றுலாப் படம் போட்டிருக்கிறாள். அதைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது தானாகவே வருகிறது. குறிப்பேட்டுக்கான விடை பதினொன்றே காலுக்கே வந்துவிட்டது. அவள் அதைப் பார்ப்பது பன்னிரண்டரைக்கு. ஐந்தரைக்கு மணி அடித்ததும் அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கிறாள். காலை ஓட்டம் போயிற்று, ஓட்டத்தில் உடன் வரும் இருவரையும் அன்று பார்க்கவில்லை, மாலையில் களைப்பு. திரையின் ஒளி தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது ஓரளவு உண்மை என்றாலும், தூங்க வேண்டிய நேரம் கழிந்துபோவதும் மனம் விழித்துக்கொள்வதுமே பெரிய சேதம். இந்த வயதினருக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் தேவை. நாளின் மொத்தப் பயன்பாட்டைக் கேட்பதைவிட, படுக்கைக்குப் போன பின் எவ்வளவு நேரம், கைபேசி எங்கே வைக்கப்பட்டிருக்கும், காலையில் எத்தனை மணிக்கு எழ எண்ணி எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்ற கேள்விகள் உங்களுக்கு நல்ல தரவைத் தரும்.

காரண காரியம் தலைகீழாக இருக்கும் வாய்ப்பையும் எழுதிவிடுகிறேன். மனச்சோர்வின் தொடக்க அறிகுறிகளில் ஒன்று, முன்பு விரும்பியதில் நாட்டம் போய்விடுவது. அந்த மாணவர் முதலில் நிறுத்துவது விளையாட்டைத்தான்; அறைக்குள் அடைந்துகிடக்கும் நேரத்தில் கையில் இருப்பது கைபேசி. நான்கு மாதம் கழித்து உங்கள் வினாத்தாள் அவரைச் சந்திக்கும்போது விளையாட்டுக் குறைவு, திரை நேரம் அதிகம், நலம் தாழ்வு என்று மூன்றும் பொருந்தியிருக்கும். கைபேசிதான் அவரை வீழ்த்தியது என்று அட்டவணை சொல்வதுபோலத் தோன்றும். ஒரே முறை கேட்பதைவிட, பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அதே மாணவர்களிடம் இருமுறை கேட்டால் இந்தக் குழப்பம் முழுமையாகத் தீராவிட்டாலும் குறையும்.

செய்முறையில் சில. பயன்பாட்டு நேரத்தை நினைவிலிருந்து கேட்காதீர்கள். 2021-இல் டக்ளஸ் பாரி குழுவினர் செய்த தொகுப்பாய்வில், மக்கள் தாமே சொன்ன நேரத்துக்கும் கருவியில் பதிவான நேரத்துக்கும் இருந்த ஒட்டுறவு (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.38 அளவுதான். கைபேசியின் அமைப்புகளில் இருக்கும் வாராந்தரப் பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்து, அதில் உள்ள எண்ணைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். கூகுள் படிவத்தின் இணைப்பை வாட்ஸ்அப் குழுக்களில் மட்டும் பகிர்ந்தால், அந்த நேரத்தில் கைபேசியும் கையுமாக இருந்தவர்கள்தான் நிரப்புவார்கள். வகுப்பறைக்கு நேரில் போய்த் தாளிலும் பெறுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், ஏனென்றால் அப்போது எவரும் விளையாடுவதில்லை, எவரும் சரியாகத் தூங்குவதும் இல்லை. விடுதியில் இருப்பவரா, நாள்தோறும் நெடுந்தூரம் பயணம் செய்து வருபவரா, பகுதிநேர வேலை செய்பவரா என்பதைக் கேட்க மறவாதீர்கள். மாலை மைதானம் யாருக்கு எட்டும் என்பதை இவையே பெரிதும் தீர்மானிக்கின்றன.

நலத்தை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலக் குறியீடு போதும். கடந்த இரண்டு வாரத்தில் உற்சாகமாக இருந்தேனா, அமைதியாக இருந்தேனா என்பன போன்ற ஐந்து கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகையை நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு வரும். இரண்டு நிமிடத்தில் நிரப்பிவிடலாம், சோர்வு தராது. 50-க்குக் கீழே இருப்பவர்களை மேலும் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். 28-க்குக் கீழே போனால் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்ற ஐயம் வலுக்கிறது.

ஆகவே வினாத்தாளை விநியோகிக்கும் முன்பே, அந்த எண்ணோடு ஒரு தாள் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை உங்கள் வழிகாட்டியிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பெயரில்லாத தாளாக இருந்தால் அவரைத் தேடிப் பிடிக்க முடியாது. எனவே ஒவ்வொரு பிரதியின் கடைசிப் பக்கத்திலும் உங்கள் பல்கலைக்கழக ஆலோசனை மையம் இருக்கும் இடம், திறந்திருக்கும் நேரம், அவசர உதவி எண் ஆகியவற்றை அச்சிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளும்படி எல்லோரிடமும் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் அதை எடுத்துக்கொண்டவர் யார் என்று பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியாது.